எதிர்நாற்காலியில் யார்? உலகமயமும் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்களும்

கேள்வி இது: உலகமயமாக்கல் ஆப்பிரிக்காவில் பத்திரிகையாளர்களின் வேலைநிலையையும் சங்க உரிமைகளையும் எப்படிப் பாதித்திருக்கிறது?

54 நாடுகள் உள்ள கண்டம். கெய்ரோவுக்கும் கேப்டவுனுக்கும் சேர்த்துப் பொருந்துகிற பதில் கிடையாது. ஆனாலும் நாடு நாடாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது: பத்திரிகையாளருக்கு முதலாளி யார் என்பதே குழம்பிப்போய்விட்டது. சங்கம் பேரம் பேச வேண்டுமென்றால் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அவர் டப்ளினில் இருக்கலாம், பெய்ஜிங்கில் இருக்கலாம், வாஷிங்டனில் இருக்கலாம். இல்லையென்றால் பக்கத்துத் தெருவிலேயே இருந்துகொண்டு, "நீங்கள் எங்கள் ஊழியரே இல்லையே, செய்தி கொடுத்துக் காசு வாங்கிக்கொள்கிறவர்தானே" என்று சொல்லிவிடலாம். குறைந்த சம்பளம், திடீர் வேலைநீக்கம், செய்தி சேகரிக்கப் போன இடத்தில் பணக் கவர் வாங்குகிற பழக்கம், செயலிழந்த சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இதோடு தொடர்பு இருக்கிறது என்பது என் கருத்து.

அதற்காக எல்லாப் பழியையும் உலகமயத்தின் தலையில் கட்ட முடியாது. எரித்திரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சந்தையோடு மிகக் குறைவான தொடர்புள்ள நாடுகளில் ஒன்று. 2001 செப்டம்பரில் அங்கே தனியார் பத்திரிகைகள் அத்தனையும் ஒரேயடியாக மூடப்பட்டன. அப்போது கைதான பத்திரிகையாளர் டாவிட் ஐசக் ஸ்வீடன் குடிமகனும்கூட. இருந்தும் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லை. சிறையும் துப்பாக்கியும் பெரும்பாலும் உள்ளூர் ஆட்சியாளர்களின் கைவேலை. உலகமயம் கைவைத்தது வேறு இடத்தில்.

கதை 1990களின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. அதுவரை பல ஆப்பிரிக்க நாடுகளில் ஒரே கட்சி, ஒரே வானொலி, ஒன்றிரண்டு அரசு நாளிதழ்கள். பத்திரிகையாளர் என்றால் அரசு ஊழியர் மாதிரிதான். சுதந்திரம் கிடையாது, ஆனால் மாதச் சம்பளம், ஓய்வூதியம் உண்டு. பத்திரிகையாளர் சங்கமும் பெரும்பாலும் ஆளும் கட்சியின் கிளையாகத்தான் இருக்கும். 1991 மே 3 அன்று நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் கூடிய ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் இதை மாற்ற வேண்டும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளானது இதனால்தான். பலர் கவனிக்காத ஒன்று: அந்தப் பிரகடனம் சுதந்திரமான பத்திரிகைகளை மட்டும் கேட்கவில்லை, பத்திரிகையாளர்களுக்கு உண்மையிலேயே சுதந்திரமான தொழிற்சங்கங்கள் வேண்டும் என்றும் கேட்டது. முதல் பாதி நிறைய நாடுகளில் ஓரளவு நடந்தது. இரண்டாம் பாதிதான் தேங்கிவிட்டது.

ஏன் தேங்கியது? பத்திரிகைச் சுதந்திரம் வந்த அதே பத்தாண்டில்தான் உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் கேட்ட கட்டமைப்புச் சீரமைப்பும் வந்தது. மானியம் வெட்டு, அரசு நிறுவன விற்பனை, நாணய மதிப்புக் குறைப்பு. 1994 ஜனவரியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் பொது நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பைப் பிரெஞ்சு பிராங்குக்கு எதிராக ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். நியூஸ்பிரிண்ட் எனும் பத்திரிகைக் காகிதம், மை, அச்சு எந்திர உதிரிபாகம் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. அவற்றின் விலை உள்ளூர்ப் பணத்தில் இரு மடங்கானது. அப்போதுதான் கண்விழித்திருந்த தனியார் பத்திரிகைகள் அந்த அடியை எங்கே இறக்கிவைக்கும்? காகிதக்காரனுக்குக் கடன் சொல்ல முடியாது, நிருபருக்குச் சொல்லலாம். நைஜீரியாவில் ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்த, 1926இல் தொடங்கிய டெய்லி டைம்ஸ் 2004இல் தனியாருக்கு விற்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே முடங்கியது.

இப்படி உருவான புதிய பத்திரிகை உலகத்தில் நிரந்தர ஊழியர்கள் ஒரு சிறு வட்டம். வெளியே பெருங்கூட்டமாகச் செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். கென்யாவின் மாவட்டங்களிலிருந்து செய்தி அனுப்பும் நிருபர்களில் பெரும்பாலோர் இந்த வகை. செய்தி அச்சேறினால் காசு, ஏறாவிட்டால் இல்லை. போக்குவரத்துச் செலவு, இணையக் கட்டணம், கேமரா எல்லாம் அவர்களுடையதே. மருத்துவக் காப்பீடு கிடையாது, கலவரத்தில் அடிபட்டால் கூடச் சொந்தக் காசில்தான் மருத்துவம். கென்யப் பத்திரிகையாளர் சங்கம் 1962இலேயே பிறந்தது. 2010இன் அரசியலமைப்பு 41ஆவது பிரிவில் சங்கம் சேரவும் வேலைநிறுத்தம் செய்யவும் உரிமை தருகிறது. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் கூட்டு ஒப்பந்தம் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான். பட்டியல் சுருங்கச் சுருங்கச் சங்கமும் சுருங்குகிறது.

கவர் விஷயத்துக்கு வருவோம். நம்மூர் நிருபர்களுக்கு விளக்கவே வேண்டாம். நைஜீரியாவில் 'பிரவுன் என்வலப்', கானாவில் 'சோலி', காங்கோவில் 'கூப்பாஜ்'. ஒழுக்கக் கேடு என்று மேடை போட்டுப் பேசுவது சுலபம். நைஜீரியாவில் சில பத்திரிகை முதலாளிகள், "கையில் அடையாள அட்டை கொடுத்திருக்கிறோமே, அதை வைத்துப் பிழைத்துக்கொள்" என்கிற போக்கில் மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி வைக்கிறார்கள் என்பது அந்த நாட்டுப் பத்திரிகை உலகில் ஊரறிந்த புகார். அதாவது செய்தி சேகரிக்கும் கூலியை, செய்திக்கு உள்ளாகிறவரே கொடுத்துவிடுகிறார். அந்த நாட்டின் பத்திரிகையாளர் சங்கம் 1955இல் தொடங்கியது, பழம்பெருமை உள்ளது. ஆனால் அரசுத் தகவல் அதிகாரிகளும் அதில் உறுப்பினர்கள். மாநில ஆளுநர்கள் (அங்கே அவர்கள் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள்) சங்கத்துக்குக் கட்டிடமும் வாகனமும் தருவது வழக்கம். சந்தாப் பணத்தில் நிமிர்ந்து நிற்க முடியாத சங்கம், உறுப்பினரின் சம்பளப் பாக்கிக்காக எவ்வளவு தூரம் மல்லுக்கட்டும்? இதில் சங்கத் தலைவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளமே வராதவரிடம் சந்தா எப்படிக் கேட்பது?

மொசாம்பிக்கில் ஒரு மாற்று முயற்சி நடந்தது. 1992இல் சில பத்திரிகையாளர்கள் சேர்ந்து மீடியாகூப் என்ற கூட்டுறவை அமைத்து, ஃபேக்ஸ் வழியாகவே ஒரு நாளிதழை விநியோகித்தார்கள். நியூஸ்பிரிண்ட் தொல்லையே இல்லை, முதலாளியும் அவர்களே. அதன் நிறுவனர்களில் ஒருவரான கார்லோஸ் கார்டோசோ பிறகு மெட்டிக்கல் என்ற சொந்த ஃபேக்ஸ் இதழைத் தொடங்கினார். தனியார்மயத்தை ஒட்டி ஒரு பெரிய வங்கியிலிருந்து சுமார் 1.4 கோடி டாலர் சுருட்டப்பட்ட கதையை விடாமல் எழுதினார். 2000 நவம்பர் 22 அன்று மபூட்டோ தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த விற்பனைகளில் யார் கொழுத்தார்கள் என்று கேட்ட பத்திரிகையாளருக்கு, பின்னால் நிற்க ஒரு பெரிய நிறுவனமும் இருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்க வரலாறு அங்கேதான் ஆழமானது. வெள்ளைப் பத்திரிகையாளர்களின் சங்கம் 1920இலிருந்து இருந்தது. கறுப்பினப் பத்திரிகையாளர்கள் 1970களில் தனிச் சங்கம் கண்டார்கள். 1977 அக்டோபர் 19 அன்று நிறவெறி அரசு 'தி வேர்ல்ட்' நாளிதழோடு சேர்த்து அந்தச் சங்கத்தையும் தடைசெய்தது. உடனே வேறு பெயரில் மறுபடி கூடினார்கள். 1980இல் அது எம்வாசா (தென்னாப்பிரிக்க ஊடகத் தொழிலாளர் சங்கம்) ஆனது. நிருபரோடு நிற்காமல், ஊடக நிறுவனத்தில் வேலை செய்யும் எல்லாரையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு வேலைநிறுத்தத்திலும் இறங்கியது. தலைவர் ஸ்வெலாக்கே சிசுலு (நெல்சன் மண்டேலாவின் தோழர் வால்டர் சிசுலுவின் மகன்) மீது அரசு தடை உத்தரவு போட்டது, பின்னர் சிறையிலும் வைத்தது. போலீஸ் அடியைத் தாங்கிய சங்கம் இது.

ஜனநாயகம் வந்த 1994இலேயே, ஆர்கஸ் குழுமப் பத்திரிகைகளின் கட்டுப்பாடு அயர்லாந்துத் தொழிலதிபர் டோனி ஓ'ரைலியின் கைக்குப் போனது. பணம் டப்ளினுக்குப் போயிற்று, செலவுக் குறைப்பு உத்தரவு டப்ளினிலிருந்து வந்தது. பல நகரங்களின் பத்திரிகைகளுக்குச் செய்தித் தொகுப்பையும் பக்க வடிவமைப்பையும் ஒரே இடத்தில் செய்வது, சிறப்பு நிருபர்களைக் குறைப்பது என்று ஆண்டுக்காண்டு மெலிந்தன. 2013இல் சுமார் 200 கோடி ராண்டுக்கு அந்தக் குழுமம் உள்ளூர்க் கைக்கே திரும்பியது. உள்ளூர் என்றாலும் 20 சதவீதப் பங்கு சீன அரசு சார்ந்த முதலீட்டாளர்களிடம். பெரும் பணம் அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியை நிர்வகிக்கும் அமைப்பிடமிருந்து. 2018இல் அசாத் எஸ்ஸா என்ற பத்தி எழுத்தாளர் சீனாவில் உய்குர் முஸ்லிம்களின் நிலையைப் பற்றி எழுதினார். உடனேயே அவருடைய பத்தி நிறுத்தப்பட்டது. அவர் நிரந்தர ஊழியர் இல்லை. புகார் சொல்லலாம், ஆனால் வேலைநீக்கம் என்று வழக்குப் போட அங்கே வேலையே இல்லை.

இதைவிட விசித்திரமானது நாஸ்பர்ஸ் கதை. 1915இல் ஆப்பிரிக்கானர் (பெரும்பாலும் டச்சு வழிவந்த வெள்ளையர்) தேசியவாதத்தை வளர்க்கவென்றே தொடங்கிய பத்திரிகை நிறுவனம். அதன் முதல் நாளிதழின் முதல் ஆசிரியர் டி.எஃப். மலான்தான் பிற்பாடு நிறவெறி ஆட்சியைக் கொண்டுவந்த பிரதமர். இந்த நிறுவனம் 2001இல், அதிகம் பேர் கேள்விப்படாத டென்சென்ட் என்ற சீன இணைய நிறுவனத்தில் 3.2 கோடி டாலர் போட்டு 46.5 சதவீதப் பங்கு வாங்கியது. உலகத் தொழில் வரலாற்றின் மிக லாபகரமான முதலீடுகளில் ஒன்றாக அது ஆனது. அந்தச் செல்வத்தின் பெரும்பகுதியை 2019இல் ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். பத்திரிகைப் பிரிவான மீடியா24 என்ன ஆனது? 2024 ஜூனில் பீல்ட், ரப்போர்ட், சிட்டி பிரஸ், டெய்லி சன் ஆகியவற்றின் அச்சுப் பதிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கானோரின் வேலை கேள்விக்குறியானது. டெய்லி சன் ஒருகாலத்தில் தினம் 5 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற பத்திரிகை. தாய் நிறுவனத்திடம் பணம் இல்லாமல் இல்லை. அந்தப் பணத்துக்கு இனி பத்திரிகை தேவைப்படவில்லை. லாபம் இல்லாத தொழிலை எத்தனை நாள் சுமப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதலீடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஜோஹன்னஸ்பர்க்கில் வீட்டுக்கடன் கட்டும் துணை ஆசிரியர் எங்கே போவார்?

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக இதழியல் துறை 2018இல் மதிப்பிட்டபடி, பத்தாண்டில் தென்னாப்பிரிக்காவின் தொழில்முறைப் பத்திரிகையாளர் எண்ணிக்கை சுமார் 10,000இலிருந்து 5,000ஆகப் பாதியானது. அந்நாட்டுச் செய்தி அறைகளில் 'செக்‌ஷன் 189' என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆட்குறைப்புக்கு முன் ஊழியர்களோடு கலந்துபேச வேண்டும் என்று சொல்லும் தொழிலாளர் சட்டப் பிரிவு அது. பாதுகாப்புக்காக எழுதிய பிரிவு, நடைமுறையில் சீட்டுக் கிழியப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பாகிவிட்டது. 1920இலிருந்து இருந்த பழைய பத்திரிகையாளர் சங்கமும் கலைந்துபோனது. எம்வாசா முன்னைய பலத்தை இழந்தது. நிறவெறி அரசால் முடியாததைக் கணக்குப் புத்தகம் செய்துமுடித்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் பொய்யில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க எஸ்ஏபிசி இருக்கிறது, அரசு ஒலிபரப்பு நிறுவனம். 2016இல் வன்முறைப் போராட்டக் காட்சிகளைக் காட்டக்கூடாது என்று நிர்வாகம் போட்ட உத்தரவை எதிர்த்த 8 பத்திரிகையாளர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. சங்கங்கள் வழக்குப் போட்டன. அந்த ஆண்டு ஜூலையில் தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அவர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். 2020இல் பெரும் ஆட்குறைப்பு வந்தபோது செய்தி அறையிலேயே ஊழியர்கள் எதிர்த்து நின்றார்கள். 2021 மார்ச்சில் முடிவான எண்ணிக்கை 621. அதில் 346 பேர் தாமாக விலகல் தொகை வாங்கிப் போனவர்கள். ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிரே ஒரு முதலாளி இருந்தார், அவருக்குப் பொருந்தும் சட்டமும் அதே நாட்டில் இருந்தது, சங்கத்துக்கு நீதிமன்றப் படியேற வழி இருந்தது.

அப்புறம் வெளிநாட்டு ஊடகங்கள். நைரோபி ஒரு பெரிய மையம்: சீன அரசுத் தொலைக்காட்சி 2012இலிருந்து அங்கே ஆப்பிரிக்கத் தளம் வைத்திருக்கிறது, பிபிசிக்கும் பெரிய அலுவலகம் உண்டு. இவை உள்ளூர்ப் பத்திரிகையைவிட நல்ல சம்பளம் தருகின்றன, மறுக்க முடியாது. ஆனால் தலைமையகத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு தரம், உள்ளூரில் எடுப்பவருக்கு ஒரு தரம், தகவல் திரட்டித் தரும் 'ஃபிக்ஸர்'களுக்கு நாள்கூலி என்று மூன்று தட்டு. ஆபத்து மட்டும் பெரும்பாலும் கீழ்த்தட்டில். காங்கோவில் ஐ.நா. அமைதிப்படையும் சுவிட்சர்லாந்தின் ஹிரோண்டெல் அறக்கட்டளையும் 2002இல் தொடங்கிய ரேடியோ ஒகாபி நாட்டின் நம்பகமான வானொலி. புகாவு நகரில் அதன் செய்தியாளர்கள் இருவர், 2007இல் செர்ஜ் மஹேஷேயும் 2008இல் திதாஸ் நமுஜிம்போவும், கொல்லப்பட்டார்கள். இருவருமே அந்த மண்ணின் பிள்ளைகள்.

நன்கொடைப் பணத்தில் நடக்கும் ஊடகத்துக்கு இன்னொரு பலவீனம் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு எடுத்துக்காட்டிய கணக்குப்படி, 2023இல் அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் உலகெங்கும் 6,200 பத்திரிகையாளர்களுக்கும் 707 சுதந்திர ஊடகங்களுக்கும் உதவிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க ஊடகங்களும் அப்படி உதவி பெற்றவற்றில் உண்டு. மார்ச்சில் அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் ஒலிபரப்பான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் குரலும் அடங்கியது. ஹவுசா, சுவாகிலி, சோமாலி, அம்ஹாரிக் சேவைகளுக்கு ஊர் ஊராகச் செய்தி தந்துகொண்டிருந்தவர்களின் வருமானம் நின்றது. ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து செய்தி அனுப்பும் ஒரு ஸ்டிரிங்கர் இதை எதிர்த்து எங்கே முறையிடுவார்? அமெரிக்கச் சட்டத்தில் அவர் ஊழியர் இல்லை. தன் நாட்டுச் சட்டத்தில் அவருக்கு முதலாளி இல்லை.

இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரு வழக்கு பத்திரிகை உலகத்துக்குப் பக்கத்து அறையிலிருந்து வந்திருக்கிறது. ஃபேஸ்புக்கில் வரும் கொடூரமான பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலை நைரோபியில் ஒரு அவுட்சோர்சிங் நிறுவனம் வழியாக நடந்தது. அங்கே சங்கம் அமைக்க முயன்று வேலையிழந்த தென்னாப்பிரிக்கர் டேனியல் மொட்டாவுங் 2022இல் வழக்குப் போட்டார். 2023 மே தினத்தன்று 150க்கும் மேற்பட்ட உள்ளடக்கக் கண்காணிப்பாளர்கள் நைரோபியில் கூடித் தங்களுக்கென ஆப்பிரிக்கச் சங்கம் அமைக்கத் தீர்மானித்தார்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொன்ன வாதம்: நாங்கள் கென்யாவில் இல்லை, அவர்கள் எங்கள் ஊழியர்களும் இல்லை. 2024 செப்டம்பரில் கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல், கென்யாவிலேயே மெட்டா மீது வழக்கு நடக்கலாம் என்றது. ஸ்டிரிங்கர்களும் செய்திக்குக் கூலி வாங்கும் நிருபர்களும் இந்தத் தீர்ப்பைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

உலகமயத்தின் மறுபக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பதில் ஒருதலைப்பட்சமாகிவிடும். காம்பியாவில் 2004 டிசம்பரில் 'தி பாயின்ட்' பத்திரிகையின் இணை நிறுவனர் டெய்டா ஹைதரா கொல்லப்பட்டார். அதைப் பற்றி அதிபர் யஹ்யா ஜாம்மே பேசிய பேச்சைக் கண்டித்து 2009இல் பத்திரிகையாளர் சங்கம் அறிக்கை விட்டது. அறிக்கை விட்டதற்காக 6 பேருக்கு இரண்டாண்டுச் சிறை! வெளியிலிருந்து வந்த அழுத்தத்தில் ஒரு மாதத்துக்குள் மன்னிப்பு கொடுக்க வேண்டியதாயிற்று. ஜாம்மே ஓடிப்போன பிறகு, 2018இல் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தின் நீதிமன்றம், காம்பியாவின் தேசத்துரோக, அவதூறுச் சட்டங்கள் கருத்துரிமைக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. பொருளாதார ஒருங்கிணைப்புக்காக உருவான அமைப்பின் நீதிமன்றம் அது! சோமாலியாவில் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைமையில் அரசு மூக்கை நுழைத்தபோது, விவகாரம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமைக் குழு வரை போனது. சங்க உரிமைக்கான 87ஆம் உடன்படிக்கை (1948), கூட்டுப் பேரத்துக்கான 98ஆம் உடன்படிக்கை (1949) இரண்டும் பலமில்லாத சங்கங்களுக்குக் கையில் கிடைத்த ஊன்றுகோல். சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பும் அதன் ஆப்பிரிக்கப் பிரிவும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இவையெல்லாம் கைதையும் தடையையும் எதிர்க்க உதவும். சம்பளப் பாக்கியை வசூலித்துத் தராது.

அதற்கு உள்ளூரில் உறுப்பினர் பலம் வேண்டும். துனிசியாவில் அது இருந்தது. நாட்டின் தொழிற்சங்க மரபு வலுவானது. 2008இல் உருவான பத்திரிகையாளர் சங்கம் 2012 அக்டோபர் 17 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்திக் காட்டியது. பத்திரிகைச் சட்டங்களை நடைமுறைப்படுத்தக் கேட்டார்கள், கூடவே வேலைநிலையையும் பேசினார்கள். இரண்டையும் பிரிக்காமல் வைத்ததுதான் அவர்களின் கெட்டிக்காரத்தனம். சம்பளம் கேட்கும் சங்கம், சுதந்திரம் கேட்கும் சங்கம் என்று இரண்டாகப் பிரிந்த நாடுகளில் இரண்டுமே பலவீனம்.

இப்போது பணம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கேட்பதுதான் புதிய போக்கு. விளம்பர வருமானம் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போய்விட்டதால், தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் 2023இல் விசாரணை தொடங்கியது. 2025 பிப்ரவரியில் வந்த இடைக்கால அறிக்கை, கூகுள் ஆண்டுக்கு 30 முதல் 50 கோடி ராண்ட் தர வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் இறுதியானது, ஐந்தாண்டுக்கு மொத்தம் 68.8 கோடி ராண்ட். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அதுவும் ஊடக நிறுவனங்களோடும் திட்டங்களோடும் முடிகிற பணம். அதில் எத்தனை ராண்ட் நிருபரின் சம்பளச் சீட்டுக்கு வந்துசேர வேண்டும் என்று மேசையில் உட்கார்ந்து கேட்க, தென்னாப்பிரிக்க அச்சு ஊடகத்தில் இன்று வலுவான பத்திரிகையாளர் சங்கம் இல்லை. அடுத்து இதே பேரத்துக்குத் தயாராகும் நாடுகளில் சங்கங்கள் முதலில் செய்ய வேண்டியது, செய்திக்குக் கூலி வாங்குகிறவர்களுக்கும் ஃப்ரீலான்சர்களுக்கும் முழு உறுப்பினர் உரிமை கொடுப்பது. பல செய்தி அறைகளில் அவர்கள்தான் இன்று பெரும்பான்மை.